கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுங்கள்

ரிமோட் விமானம் பழகுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் ரிமோட் விமானம் பழகுவது பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதுரைப் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பழக்கிவருகிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஃபோம் போர்டில் நானே ஒரு விமானம் செய்தேன். கையால் வீசியதும் ஜிவ்வென்று மேலே ஏறுகிறது, அப்புறம் இடது பக்கம் சாய்ந்து மூக்கால் குத்துகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். இன்னும் சக்தியுள்ள மோட்டார் போட்டால் சரியாகுமா?
— பொறியியல் மாணவர், திண்டுக்கல்

தம்பி, மோட்டாரைத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலேயே நோய் தெரிகிறது. விமானம் மேலே ஏறுகிறது, வேகம் குறைகிறது, இறக்கை தூக்குவதை நிறுத்திவிடுகிறது. இதைத்தான் ஸ்டால் என்கிறோம். அந்த நேரத்தில் ப்ரொப்பெல்லரின் முறுக்குவிசை விமானத்தை இடது பக்கம் உருட்டப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் விமானத்தின் உடல் இடஞ்சுழியாக உருளும். வேகம் இருக்கும்போது இறக்கை அதைச் சமாளித்துவிடும். வேகம் போனால் இடது இறக்கை விழும். பெரிய மோட்டார் போட்டால் முறுக்கு இன்னும் அதிகமாகும்.

முதலில் எடை மையத்தைப் பாருங்கள். நம் ஆட்கள் சி.ஜி. என்பார்கள். பேட்டரியை உள்ளே வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களால் இறக்கையின் அடியில் தாங்குங்கள். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே விரல் இருக்க வேண்டும். அங்கே தாங்கும்போது விமானம் சமமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு லேசாகக் குனிய வேண்டும். வால் தொங்கினால் அதைப் பறக்கவிடவே கூடாது, யார் கையிலும் அது அடங்காது. பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். அது போதாவிட்டால் மூக்கில் கொஞ்சம் எடை ஒட்டுங்கள்.

அடுத்து, மோட்டார் ஓடாமல் வீசிப் பாருங்கள். புல் நன்றாக வளர்ந்த இடம் வேண்டும். தோள் உயரத்திலிருந்து, அடிவானத்தைப் பார்த்து, நேராக, மெதுவாகத் தள்ளிவிடுங்கள். தரைக்கு மேல் சறுக்கிக்கொண்டே போய் வயிற்றால் இறங்கினால் சரி. மேலே எழும்பித் தலைகீழாகக் கவிழ்ந்தால் வால் கனம், இல்லாவிட்டால் எலிவேட்டர் (வாலில் இருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் மடிப்பு) மேலே தூக்கி நிற்கிறது. கையை விட்டதும் மண்ணைத் தேடிப் போனால் மூக்கு கனம். இந்தச் சோதனையில் தேறாத விமானத்துக்கு மோட்டார் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது வீசும் விதமும் உங்கள் கட்டைவிரலும்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து வீச வேண்டும். ஈட்டி எறிவதுபோல நேராக, இறக்கை இரண்டும் சமமாக. வானத்தைப் பார்த்து எறியக்கூடாது, பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எறிகிறார்கள். முடிந்தால் வேறொருவர் வீசட்டும், உங்கள் இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கட்டும். வீசியதும் எலிவேட்டரைச் சுண்டி இழுக்காதீர்கள். முதலில் வேகம் வரட்டும், உயரம் தானாக வரும்.

போன மாதம் எங்கள் கண்மாயில் ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பறக்கவிட்ட நேரமெல்லாம் விமானம் அலையில் மாட்டிய படகு மாதிரி மேலும் கீழும் ஆடியது. நான் ரிமோட்டை வாங்கி, இரண்டு தென்னை உயரத்துக்கு ஏற்றி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, ட்ரிம் பொத்தானை இரண்டு மூன்று தட்டுத் தட்டி நேராக்கிக் கொடுத்தேன். “இப்போ ரெண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்கிலிருந்து எடு” என்றேன். பயந்துகொண்டே எடுத்தான். விமானம் அதுபாட்டுக்கு நேராகப் போனது. ஒரு காற்று தட்டி இடது இறக்கை தாழ்ந்தது, கொஞ்ச நேரத்தில் தானே சமமானது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். உயரத்தில் இறக்கை வைத்து, நுனிகளை லேசாக மேலே வளைத்த பழகு விமானங்கள் எல்லாம் இப்படித்தான். அவற்றுக்குப் பறக்கத் தெரியும். ஆட்டியது அவனுடைய விரல்தான்.

அதனால் ரிமோட்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் அளவுக்கு வையுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவு மென்மையாகும். டூயல் ரேட்டையும், அதாவது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளும்போது மடிப்புகள் அசையும் அளவையும், குறைத்துவிடுங்கள். முதல் சில ஞாயிறுகளில் உங்களுக்கு வேண்டியது பெரிய வட்டங்கள் மட்டும்தான்.

விமானம் என்னை விட்டுத் தள்ளிப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடம் வலம் மாறிவிடுகிறது. கை தானாகத் தப்பான பக்கம் போகிறது.
— தனியார் நிறுவன ஊழியர், சென்னை

இது எல்லோருக்கும் வரும் இடைஞ்சல். விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு இது கிடையாது, தரையில் நிற்கும் நமக்கு மட்டும்தான். உங்களை நோக்கி வரும்போது விமானத்தின் வலது இறக்கை உங்கள் இடது கைப்பக்கம் இருக்கிறது. அந்த நொடியில் நின்று கணக்குப் போட நேரம் இருக்காது. அதற்கு ஒரு எளிய வழி: எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். விழுகிற இறக்கைக்கு ஸ்டிக்கால் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். எதிரே வரும்போது மட்டும்தான் இது பொருந்தும், தள்ளிப் போகும்போது வழக்கம்போல.

இதைக் கை பழக வேண்டும், மூளைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குத்தான் சிமுலேட்டர், அதாவது கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். உங்கள் ரிமோட் ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ6 போன்றதாக இருந்தால் பின்புறத் துளையில் கேபிள் மாட்டிக் கணினியோடு இணைத்துவிடலாம். மைதானத்தில் பிடிக்கப்போகும் அதே ரிமோட்டை வைத்துப் பழகுவதுதான் இதில் உள்ள லாபம். விசைப்பலகையில் விளையாடிப் பழகினால் கைக்கு ஒன்றும் வந்து சேராது. சிமுலேட்டரில் வித்தை காட்டாதீர்கள். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், இரண்டையும் சேர்த்து எட்டு. எட்டுப் போடும்போது ஒவ்வொரு சுற்றிலும் விமானம் உங்களை நோக்கி ஒருமுறை வந்தே தீரும்.

மைதானத்தில் நிற்கும்போது முதுகுப் பக்கம் வெயில் இருக்கும்படி நில்லுங்கள். விமானத்தைத் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலோ போகவிடாதீர்கள். எப்போதும் எதிரே, ஒரு நீள்வட்டத்தில். இன்னொன்று: விமானத்தின் இரண்டு இறக்கைக்கும் அடியில் வேறு வேறு நிறத்தில் பட்டையாக டேப் ஒட்டுங்கள். வெள்ளை தெர்மோகோல் விமானம் மேகத்துக்கு முன்னால் வெறும் நிழலாகத்தான் தெரியும். அது வருகிறதா போகிறதா என்று பழகியவர்களே தடுமாறுவார்கள்.

எதை வாங்குவது? ரெடிமேடா, சொந்தமாகச் செய்வதா?
— பெட்டிக்கடைக்காரர், விருதுநகர்

பணத்தை ரிமோட்டில் போடுங்கள். விமானம் உடையும், ரிமோட் பல வருடம் வரும். ஆறு சேனல் போதும், அதாவது ஆறு தனித்தனிக் கட்டளைகளை அனுப்பும் வசதி. நம்மூரில் பெரும்பாலோர் பிடிப்பது மோட் 2, அதாவது த்ராட்டில் இடது கையில். பக்கத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவர் எந்த மோடோ அதையே வாங்குங்கள், ஆபத்து நேரத்தில் அவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

சொந்தமாகச் செய்வதை நான் விரும்புகிறேன். காரணம் சிக்கனம் மட்டுமில்லை. தானே வெட்டி ஒட்டியவனுக்கு உடைந்ததை மாலைக்குள் ஒட்டிவிடத் தெரியும், அவனுக்குப் பயம் குறைவு. ஃபோம் போர்டு, ஹாட் க்ளூ, மூங்கில் குச்சி போதும். தெர்மோகோலில் மட்டும் ஃபெவிக்விக் மாதிரிப் பசையை ஊற்றிவிடாதீர்கள், கரைத்துக் குழி பறித்துவிடும். நேரமில்லாதவர்கள் ரெடிமேட் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இறக்கை மேலே இருக்கட்டும், மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. மூக்கு மோதினாலும் ப்ரொப்பெல்லர் தப்பிக்கும். போர் விமானம் மாதிரி இருப்பதெல்லாம் அழகுதான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எலிவேட்டரே இல்லாமல் இரண்டு மோட்டாரின் வேகத்தை மாற்றித் திருப்பும் பொம்மை விமானங்களை வாங்கிப் பழகாதீர்கள். லேசாகக் காற்று அடித்தாலே நம் பேச்சைக் கேட்காது.

ஜைரோ வைத்த விமானம் வாங்கினால் தப்பா? ட்ரோன் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது சுலபம்தானே?
— புகைப்படக் கலைஞர், சேலம்

தப்பே இல்லை. ஜைரோ என்பது விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் கருவி. விழாமல் காப்பாற்றும், தைரியம் வரும். கொஞ்சம் தைரியம் வந்ததும் உயரத்தில் வைத்து அதை அணைத்துப் பழகுங்கள். ட்ரோன் விஷயம் வேறு. ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும், அதற்குள் இருக்கும் கணினி நிறுத்திவைக்கிறது. விமானம் நின்றால் விழும். வேகம்தான் அதன் உயிர். ட்ரோன் பழகியவர்கள் இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க இறக்கிவிட்டு எலிவேட்டரை இழுக்கிறார்கள், அந்த இடத்தில்தான் விமானம் விழுகிறது.

ஆடி மாதம் எங்கள் ஊரில் ஆளையே தூக்கும் காற்று. எப்போதுதான் பறக்கவிடுவது?
— பள்ளி ஆசிரியை, பல்லடம்

உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கிறது, டீச்சர். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாகப் புகுந்து நேராக உங்களிடம்தான் வருகிறது. காற்றாலைக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிமுலேட்டரும் பட்டறை வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலம் தை, மாசி. விடிந்ததிலிருந்து வெயில் சூடேறும்வரை காற்று அசையாது. வேப்ப மரத்தைப் பாருங்கள். இலை விட்டுவிட்டு அசைந்தால் பழகலாம். கிளை விடாமல் ஆடினால் விமானத்தைப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். சென்னைக்காரர்களுக்கும் காலைதான், பகல் ஏறினால் கடற்காற்று வந்துவிடும்.

காற்றில் ஒரு கண்கட்டு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றோடு சேர்ந்து போகும்போது விமானம் பறந்தோடுவதுபோலத் தெரியும். ‘வேகம் அதிகம்’ என்று த்ராட்டிலைக் குறைத்து எலிவேட்டரை இழுப்பீர்கள். உண்மையில் தரைக்குத்தான் அது வேகம், இறக்கையின் மேல் ஓடும் காற்று அவ்வளவாக இல்லை. ஸ்டால் ஆகி விழும். காற்றுக்கு எதிரே போகும்போது நத்தை மாதிரித் தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான்.

என் மகள் நான்காம் வகுப்பு. விமானம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கொடுக்கலாமா? ஆபத்து உண்டா?
— இல்லத்தரசி, திருச்சி

கொடுங்கள் அம்மா, ஆனால் முதலில் மோட்டார் இல்லாததைக் கொடுங்கள். தெர்மோகோலிலோ பால்சா மரத்திலோ செய்த, கையால் வீசும் கிளைடர். மூக்கில் ஒரு பேப்பர் கிளிப்பைக் கூட்டிக் குறைத்து என்ன ஆகிறது என்று அவளே பார்க்கட்டும். எடை மையம் என்றால் என்ன என்பது ஒரே மாலையில் புரிந்துவிடும். பெரியவர்களுக்கு அதைப் புரியவைக்க நான் ரொம்பப் பாடுபடுகிறேன். அப்புறம் சிமுலேட்டர். அதன்பின் நீங்களோ தெரிந்த ஒருவரோ பக்கத்தில் நிற்க ரிமோட்.

ஆபத்து உண்டு, ப்ரொப்பெல்லரில்தான். எட்டு அங்குல ப்ரொப்பெல்லர் முழு வேகத்தில் சுற்றினால் விரலை எலும்புவரை வெட்டிவிடும். இதைச் சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்குச் சங்கடமில்லை. ரிமோட்டை முதலில் ஆன் செய்து, த்ராட்டில் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றி, கடைசியாக ரிமோட்டை அணைக்க வேண்டும். பேட்டரி இணைத்துவிட்டால் ப்ரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்கு நேரே முகமோ கையோ வரக்கூடாது. வீட்டுக்குள் ரிமோட் அமைப்பை மாற்றும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு, சரியாக அமைக்கப்படவில்லை. சிக்னல் போனதும் விமானம் மோட்டார் ஓடியபடியே ஊருக்குள் போகும். பறக்கவிடும் முன் அசைவுகளையும் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்து ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின் விளிம்பில் இருக்கும் மடிப்பு) மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். சொந்தமாகச் செய்தவர்களின் விமானம் முதல் நாளே உடைவதற்கு இது தலைகீழாக இருப்பதும் ஒரு காரணம்.

பேட்டரி உப்பிக்கொண்டது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாமா?
— ஐ.டி.ஐ. மாணவர், கரூர்

வேண்டவே வேண்டாம்! குத்தினால் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அடங்காத தீ. உப்பிய லைப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரியை) இனிப் பயன்படுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். திறந்த வெளியில் மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படையுங்கள்.

அடுத்த பேட்டரியைக் காப்பாற்றுங்கள். மூன்று செல் லைப்போ முழு சார்ஜில் 12.6 வோல்ட். ஒவ்வொரு செல்லும் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இறங்கிவிட வேண்டும். ரிமோட்டில் டைமர் வையுங்கள். 2200 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 2.2 ஆம்பியரில் சார்ஜ் போடுங்கள், செல்களைச் சமமாக நிரப்ப உதவும் பேலன்ஸ் வயரையும் மாட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள். வாரக்கணக்கில் சும்மா வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜோடு அலமாரியில் தூங்கவைப்பதும், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவைப்பதும் உப்புவதற்குக் காரணம்.

எங்கள் வயலில் பறக்கவிட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

நம் நாட்டில் இதற்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் அது 200 அடியாகக் குறைகிறது. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. உங்கள் மாவட்டத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் வரைபடத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். விமானத்துக்குப் பதிவு எண்ணும் பெற வேண்டும். பழகுகிறவருக்கு 400 அடி தேவையும் இல்லை, அந்த உயரத்தில் சின்ன விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது.

மற்றபடி உங்களுக்குக் கிடைத்திருப்பது எனக்குப் பொறாமை தரும் இடம். சம்பா அறுவடை முடிந்த வயலில் நெல்தாள் மெத்தை மாதிரி ஏந்திக்கொள்ளும். பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆடு மாடு மேயும்போது வேண்டாம். மின்கம்பி போகும் பக்கத்தைப் பின்னால் விட்டு நில்லுங்கள்.

விமானம் பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?
— பத்தாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி மாவட்டம்

தம்பி, மாட்டிய உடனே த்ராட்டிலை முழுக்க இறக்கிவிடு. மட்டையில் சிக்கிய ப்ரொப்பெல்லர் சுற்ற முடியாமல் நின்றால் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் எரிந்துபோகும். மேலே பேட்டரி இணைந்தே இருப்பதால் ரிமோட்டை அணைக்காதே. நீயாக ஏறாதே, கல்லும் எறியாதே. உங்கள் பக்கம் பனை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கூலி கொடுத்துக் கூப்பிடு. அவர் விமானத்தைத் தொடும் முன் பேட்டரி வயரைப் பிடுங்கச் சொல். மஞ்சள் நிறக் கனெக்டரைக் கீழேயே ஒன்று காட்டி, இதைத்தான் இழுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு ஏறச் சொல். அன்றைக்கே இறக்க முடியாமல் போனால் அந்தப் பேட்டரி வடிந்து போயிருக்கும், அதைத் திரும்ப சார்ஜ் போடாதே. சிக்னல் வாங்கும் ரிசீவரையும் மடிப்புகளை அசைக்கும் சர்வோவையும் துடைத்துச் சோதித்துப் பார், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடுத்த முறை அந்தப் பனைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பறக்கவிடு.